தண்ணித்தொட்டி மேல் ஒரு வக்கீல்

— காப்பி ஆறுது மாமா, மொதல்ல குடி. உன் சிநேகிதரு வந்து பத்து நிமிசமாச்சு.

— யாரு, கம்பெனி பிரகாஷா? ஞாயித்துக்கெழமையும் விட மாட்டானா மாதேசு அவன்?

— பிரகாஷ் எதுக்கு நம்ம மொட்டைமாடிக்கு வந்து தண்ணித்தொட்டி மேல உக்காரப் போறாரு? வக்கீல் மாமா, வக்கீல்! கறுப்புக் கோட்டு, வெள்ளை வேட்டி, வாலைத் தூக்கி வெச்சுக்கினு.

— ஓ, அந்தக் குருவியா! வந்துட்டானா?

— இப்பத்தான் தெரியுதாக்கும். இந்த வீட்டுக்குக் குடிவந்த புதுசுல நீ பாத்ரூம்ல விசிலடிக்க, அது சன்னல்ல வந்து நின்னு பதிலுக்கு அடிச்சுதே. சோப்பு நுரையோட வெளிய ஓடியாந்தியே, "மாதேசு, எனக்குப் போட்டிக்கு ஒருத்தன் வந்துட்டான்"னு.

— துண்டு கட்டிக்கினுதான் ஓடியாந்தேன்.

— நல்லவேளை, உம் பொண்டாட்டி மானம் தப்பிச்சுது. கீழ்வீட்டு ஜோதியம்மாள் அக்கா மாடியில துணி காயப்போட்டுக்கினு இருந்தாங்க. கன்னடத்துலயும் தமிழ்லயும் மாறி மாறி சிரிச்சாங்க.

— நான் ஒண்ணு விட்டா அவன் ரெண்டு விடுவான். நான் ஏத்திப் புடிச்சா அவன் அதுக்கு மேல ஏத்துவான். அன்னைக்கி கம்பெனி பஸ்ஸையே விட்டுட்டேன்.

— சூப்பர்வைசருகிட்ட இன்னா காரணம் சொன்ன? திரும்பச் சொல்லு, கேக்கணும்.

— வக்கீலைப் பாக்கப் போயிருந்தேன்னு சொன்னேன்.

— பாவம் அந்தாளு!

— ஒரு வாரம் முழுக்க என்னைத் தனியாக் கூப்பிட்டு, "சென்னகிருஷ்ணா, வீட்ல ஏதாச்சும் பிரச்சனையா, பேசித் தீத்துக்கலாமே"ன்னாரு. உன்னைப் பத்தி நல்லவிதமாத்தான் சொன்னேன்.

— பெரிய மனசு உனக்கு. அப்புறம் ஏன் விசிலை விட்டுட்ட? ஒரு வருசமாகுது. அது தெனம் வந்து கூப்பிட்டுப் பாத்துட்டுப் போகுது.

— வயசாகுதில்ல.

— முப்பத்தாறுலயா?

— தகடு அடிக்கற பிரஸ் ஷாப்புல எட்டு மணி நேரம் மெசினோட நின்னுட்டு வந்தா விசிலுக்கு மூச்சு எங்க இருக்குது?

— சரி, அடிக்க வேணாம். கேக்கவாச்சும் கேளு. இன்னைக்கி எப்படிப் பாடறாரு?

— நல்லாத்தான் பாடறான்.

— முன்ன மாதிரியா, புதுசா ஏதாச்சும் எடுத்து விடறாரா?

— முன்ன மாதிரியேதான். கடைசியில ஒரு இழுப்பு இழுக்கறான் பாரு, அந்த இடம்.

— ஐயோ சாமி! அது வாய் நெறையப் புழுவை வெச்சுக்கினு கம்முனு உக்காந்திருக்குது மாமா. பாடினா சாப்பாடு கீழ வுழுந்துடும்.

— நான் நேத்துப் பாடினதைச் சொன்னேன்.

— நேத்து நீ மொத ஷிப்டு. அது வர்றதுக்குள்ள பஸ் ஏறிட்ட.

— அட விடு மாதேசு. காலங்காத்தால கோர்ட்டு நடத்திக்கினு.

— நாந்தான் ஜட்ஜு. போன வாரம் குக்கர் ஆறு விசில் விட்டுது. பக்கத்துலயே உக்காந்திருந்த. பருப்பு தீஞ்சு ஜோதியம்மாள் அக்காவே மேல வந்துட்டாங்க.

— போன்ல மேட்ச் பாத்துக்கினு இருந்தேன்.

— ஸ்கூல்ல நம்ம மோகனப்ரியா பாடினாளே. அவ மூச்சு வாங்க நிறுத்தினப்ப நீ ஒருத்தன் மட்டும் படபடன்னு கை தட்டுன. முடிஞ்சுபோச்சுன்னு நெனச்சியா?

— சந்தோசத்துல தட்டினேன். எம் பொண்ணு பாடறா, எப்ப வேணா தட்டுவேன்.

— அதுவும் சரிதான். சத்தத்துக்குக் காதுல வெச்சுக்கச் சொல்லி கம்பெனியில இயர் பிளக் குடுத்தாங்களே, வெச்சுக்கறியா?

— அரிக்குது. பாக்கெட்டுலதான் கெடக்குது. எல்லாரும் அப்பிடித்தான்.

— உங்க ஷாப்பு மாரிமுத்து அண்ணனும் அப்பிடித்தானே? அவரை ஏன் கம்பெனி கேட்டாண்ட உக்கார வெச்சுட்டாங்க?

— காது டெஸ்டுல தோத்துட்டாரு. இருவது வருசம் ஓட்டின மெசினை இப்பத் தொட விடறதில்ல. வண்டி நம்பர் எழுதிக்கினு உக்காந்திருக்காரு. என்னைப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கறாரு.

— உனக்கு எப்ப டெஸ்டு?

— அடுத்த மாசம். எனக்கென்ன? நான் ஆபரேட்டரு மாதேசு. அந்த மெசினைத் தவிர எனக்கு வேற வேலை தெரியாது.

— இப்பிடித் திரும்பு மாமா. என் மூஞ்சியைப் பாரு.

— எட்டு வருசமா அதைத்தான் பாக்கறேன்.

— மத்தியானத்துக்கு இன்னா பண்ணட்டும்? களியா, பிரியாணியா?

— பிரியாணி. இதுக்கா இத்தனை விசாரணை?

— ஜோதியம்மாள் அக்காவுக்கும் குடுக்கலாமா?

— குடு, குடு. பருப்பு தீஞ்சதை மறந்துடுவாங்க. ஏய், இன்னாத்துக்கு இப்பக் கண்ணைத் தொடைக்கற? பிரியாணிதானே கேட்டேன்.

— கடைசி ரெண்டு கேள்வியும் நான் வாய் விட்டுக் கேக்கல மாமா. உதட்டை மட்டுந்தான் அசைச்சேன்.