தாழ்த்திய கார்

கம்பம் பஸ்ஸில் என் முன்சீட்டிலிருந்த மெக்கானிக் தன் மச்சானிடம் சொன்னார்: "அந்தக் காரை நான் தாழ்த்தியிருக்கக் கூடாது."

"எந்தக் காரு?"

"பண்ணை முதலாளி வெள்ளைக்காரத் துரைகிட்ட வாங்குன ரெண்டு சீட்டு ரேஸ் காரு. பாக்க எடுப்பா இருக்கணும்னாக. ஸ்பிரிங்குல ரெண்டு பட்டையைக் கழட்டி இறக்கிக் குடுத்தேன்."

"அதுக்கென்ன?"

"அவுக சம்சாரத்துக்கு இடுப்பு வலி வந்துருச்சு. ஆஸ்பத்திரிக்குப் போறப்ப, குச்சனூர் தாண்டி வண்டித்தடத்துக் கல்லுல காரோட அடிப்பாகம் தட்டி நின்னுபோச்சு. மாட்டு வண்டி வர்றதுக்குள்ள தாயும் பிள்ளையும் போய்ச் சேந்துட்டாக."

மச்சான் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"நேத்து காரைக் கொண்டாந்து, பழையபடி உசத்திக் குடுன்னாக. பட்டையை மாட்டிக் குடுத்தேன்."

"திட்டினாகளா?"

"திட்டியிருந்தாத் தேவலையே, மச்சான். 'நல்லா மாட்டியிருக்கே'ன்னு சொல்லிட்டுப் போனாக."