பூஜையில் வைத்த பாய்லர்

"பூஜைல வெச்சதுதான் தப்பாப் போச்சுக்கா."

மலாயாவில், கிள்ளான் ஊருக்குப் போகும் ரயிலில், என் எதிர்ப் பெஞ்சில் இருந்த இளம்பெண் சொன்னாள். மடியில் வெந்நீர் போடும் செப்புப் பாய்லரைத் துணியில் சுற்றி வைத்திருந்தாள். பக்கத்தில் காய்கறிக் கூடையுடன் ஓர் அம்மாள். இருவரும் முன்பின் தெரியாதவர்கள்.

"என்னம்மா ஆச்சு?"

"ஆயுத பூஜைக்குத் தண்ணியக் கொட்டிட்டு, புளி போட்டுத் தேச்சு, பொட்டு வெச்சுப் படைச்சோம். மறுநாள் காலைல தண்ணி ஊத்தாமலே கரியப் போட்டு மூட்டியாச்சு. ஈயம் உருகி, குழாய் கழண்டு விழுந்துருச்சு. கிள்ளான்ல ஒரு சீனரு மறுபடி ஈயம் வெச்சு அடைச்சுத் தராராம்."

"வெறும் பாய்லர யாரும்மா மூட்டுனது?"

"வீட்டுக்காரருதான். எனக்குக் காய்ச்சல். சுடுதண்ணி வெக்கிறேன்னு அவரே எந்திரிச்சுப் போனாரு."

"ஆம்பளைக்கு என்ன தெரியும், பாவம்."

"அக்கா, அவரு ரயில் எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுறவரு. பாய்லர்ல தண்ணி கொறையாமப் பாத்துக்குறதுதான் அவரு வேலையே."

அம்மாள் சிரிப்பை முந்தானையால் மறைத்துக்கொண்டார். "மாமியார் மகனச் சும்மா விட்டிருக்க மாட்டாங்களே."

"கோயில்லேருந்து அவங்க வந்ததும், நாந்தான் மூட்டுனேன்னு சொல்லிட்டேன். திட்டெல்லாம் எனக்குத்தான்."

"உனக்கெதுக்கும்மா இந்த வேண்டாத வேல?"

அவள் பாய்லரைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள்.

"கல்யாணமாகி இப்பத்தான் மொத தடவையா அடுப்படிக்கு வந்தாரு. அதுக்கும் திட்டு வாங்குனா, அப்புறம் அந்தப் பக்கமே வர மாட்டாருக்கா."