எங்கள் வீட்டுக் கண்காட்சிக் குளம்

ரோஜாவுக்கு இலை நனையத் தண்ணீர் ஊற்றக் கூடாது, சார். வேரில்தான் ஊற்ற வேண்டும். இலை நனைந்தால் கரும்புள்ளி விழும். நான் குச்சி ஊன்றி வளர்த்த ரோஜாக்களில் ஒன்றுக்குக்கூட அந்த நோய் வந்ததில்லை.

என் வீட்டுக்காரருக்குத் தெருவில் ‘நடுவர்’ என்று பட்டப்பெயர். எதற்கும் மார்க் போடுவார். என் சமையலுக்குப் பத்துக்கு ஐந்து, என் புடவைக்கு நாலு. வருஷா வருஷம் மலர்க் கண்காட்சிக்குப் போய்ப் படம் படமாக எடுத்துக்கொண்டு வந்து, எங்கள் கொல்லையைத் தலைகீழாகப் புரட்டுவார். கண்காட்சியில் செடியைத் தொட்டியோடு மண்ணில் புதைத்திருப்பார்கள். நாலு நாள் நின்றால் அவர்களுக்குப் போதும். இவரும் அப்படியே புதைப்பார். செடி வாடினால் என் கைராசி சரியில்லை என்பார்.

நம் இடத்துக்குத் தகுந்த மாதிரி எடுத்துக்கொள்ளலாம், அந்த நிறச் சேர்க்கையை மட்டும் ஒரு மூலையில் செய்து பார்க்கலாம் என்று நானும் சொன்னேன்.

“யோசனைக்கு ரெண்டு மார்க்” என்றார்.

இந்த வருஷக் கண்காட்சியில் ஒரு கறுப்புக் குளம். அதன் மேல் ஒரு பலகைக்கல், அந்தரத்தில் மிதப்பதுபோல. உதிர்ந்த பூவைப் பொறுக்க ஒரு வேலையாள் குளத்தில் இறங்கினான். தண்ணீர் அவன் கணுக்காலைக்கூடத் தொடவில்லை. சாயம் கலந்து ஆழம் காட்டியிருக்கிறார்கள். இவரிடம் சொன்னேன்.

“நீ வாய மூடிட்டு வா. நாலு பேர் கேட்டா சிரிப்பாங்க.”

அடுத்த வாரம் என் அக்கா வீட்டுக்குப் போய்த் திரும்பினேன். ரோஜாப் பாத்தி இருந்த இடத்தில் மார்பளவுப் பள்ளம். செடிகள் வேரோடு குப்பைமேட்டில் காய்ந்து கிடந்தன. ஒன்றாவது பிழைக்குமா என்று ஒவ்வொரு குச்சியாகக் கீறிப் பார்த்தேன். பச்சை இல்லை. பள்ளத்தைச் சுற்றிலும் இவர் கயிறு கட்டியிருந்தார்.

“எட்ட நின்னு பாரு. மிதிச்சு நாசம் பண்ணிடாத.”

உள்ளே போய்க் காபி போட்டேன்.

கொத்தனார் நல்ல மனுஷன். பள்ளத்தைத் தொட்டியாகக் கட்டி, பலகைக்கல்லை ஒரு ஓரத்தில் மட்டும் கான்கிரீட்டில் பதித்து, அடியில் மரக்கட்டையை முட்டுக் கொடுத்திருந்தார். கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அக்கா, சாருகிட்ட நான் சொன்னா எரிஞ்சு விழுறாரு. நீங்க சொல்லுங்க. கான்கிரீட் இறுகுற வரைக்கும் அடியில இருக்கிற கட்டைய எடுக்கக் கூடாது. மேல யாரும் ஏறவே கூடாது.”

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆபீஸ்காரர்கள் குளத்தைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. காலையிலேயே மோட்டாரைப் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டிருந்தார். தொட்டி பாதி நிரம்பியிருந்தது. அந்தக் கட்டை அவர் கண்ணை உறுத்தியது. அது எதற்கு என்று கேட்டார். கொத்தனார் மறந்து விட்டுவிட்டுப் போயிருப்பார் என்றேன். எடுக்கச் சொன்னார். தண்ணீரில் இறங்கி நான்தான் தட்டி எடுத்தேன். பிறகு, கல்லின் மேல் நின்றால் ஒரு படம் எடுக்கிறேன் என்றேன். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு நுனிவரை நடந்தார்.

கல் பெரிய சத்தமில்லாமல்தான் சாய்ந்தது. அவர் தொட்டிக்குள் உட்கார்ந்த வாக்கில் விழுந்தார், தொடைமேல் கல். உட்கார்ந்த நிலையில் தண்ணீர் அவர் மார்புக்கு இருந்தது. நிச்சயமாக உயிரோடுதான் இருந்தார், சார். அதை மறைக்க எனக்கு அவசியமில்லை.

“குழாய மூடு. சீக்கிரம் போ” என்றார்.

போனேன். பாதி திறந்திருந்ததை முழுக்கத் திறந்தேன். அவர் கத்தியது மோட்டார் இரைச்சலில் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. படியில் உட்கார்ந்து, தண்ணீர் அவர் தலைக்கு மேல் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆத்திரத்தில் செய்ததா என்று உங்கள் ஸ்டேஷன் எழுத்தர் கேட்கிறார். இல்லை. அப்படி எழுத வேண்டாம். ஆத்திரக்காரி எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடியிருப்பாள். நான் தொட்டி நிரம்பியதும் எழுந்து போய் மோட்டாரை நிறுத்தினேன், சார். தண்ணீர் வீணாவது எனக்குப் பொறுக்காது.