வேலை வாங்குற செடியா குடுங்க

இந்த மொட்டை மாடித் தோட்டத்துக்கு டிரிப் வேண்டாம் தம்பி. டைமரும் நக்கோ. உங்க கம்பெனி ஃபோட்டோவுல பாத்தேன், நல்லாத்தான் இருக்கு, குழாய் வரிசையா ஓடுது, தண்ணி அது பாட்டுக்குச் சொட்டுது. எனக்கு அது வேண்டாம். பூவாளியில பிடிச்சு ஊத்துற மாதிரி இருக்கட்டும். தண்ணிக் குழாயும் மாடிப்படிக்கிட்ட வைக்காதீங்க, அந்தக் கடைசில, டேங்குக்குக் கீழ வைங்க. ஹவ், ஆமா, தூரம்தான். நடக்கட்டும்னுதான் சொல்றேன்.

இல்ல இல்ல, நான் நடக்க இல்ல. தோட்டமே எனக்கில்ல. எங்க வீட்டுக்காரருக்கு. கீழ கேட்டத் திறந்துவிட்டாரே, அவர்தான், ராமச்சந்திரன். யாரு, என்ன வேலையா வந்திருக்கீங்கன்னு கேட்டாரா? கேக்கல இல்ல. மேடம் மேல இருக்காங்கன்னு சொல்லியிருப்பார். கேக்க மாட்டார். இங்க பக்கத்துல கவர்மெண்ட் ஃபேக்டரியில முப்பத்தஞ்சு வருஷம் வேலை பாத்தாரு. ரிட்டையர் ஆகி நாலு வருஷமா அந்த டிவிக்கு முன்னாடி சேர்லதான் இருக்கார். இந்தத் தெலுங்கு ஊருல நந்தகுமார்னு உங்க பேரப் பாத்ததும், நம்ம ஆளா இருக்கும், தமிழ்ல சொன்னா புரிஞ்சுக்குவீங்கன்னு ஃபோன் பண்ணேன்.

அளவு எழுதிக்கிறீங்களா, எழுதிக்கோங்க. செடி வைக்கிற பையெல்லாம் தரையில வேண்டாம். ஸ்டாண்டு போட்டு இந்த உயரத்துக்கு, என் இடுப்புக்கு ஒரு சாண் மேல. அவருக்கு முட்டி மடங்காது. வலது தோள்பட்டையும் தூக்க முடியாது, அதனால கொடிப் பந்தலத் தலைக்கு மேல கொண்டு போயிடாதீங்க. பூவாளி சின்னதா, ரெண்டு லிட்டர். பெருசு குடுத்தா ரெண்டு நாள் தூக்கிட்டு நிறுத்திடுவார். நாற்காலி, ஊஞ்சல், அந்த மூங்கில் பெஞ்சு எதுவும் வேண்டாம். உக்காந்தார்னா எந்திரிக்க மாட்டார்.

என்ன செடின்னா, இருங்க, எழுதி வச்சிருக்கேன். நீங்க சொன்ன கத்தாழை, அடீனியம்லாம் நான் அடிச்சிட்டேன். ஒரு வாரம் தண்ணி இல்லாட்டியும் தாங்கும்னு சொன்னீங்க இல்ல, அதனாலதான். தாங்குற செடி எதுவும் வேண்டாம். கோங்குராவும் வேண்டாம், அந்தப் புளிச்சக்கீரை யாரு பாக்காட்டியும் வளரும்.

சிரிக்கிறீங்க. எல்லாரும் வேலை இல்லாத தோட்டமா கேப்பாங்க, இந்தம்மா என்ன தலைகீழா கேக்குறாங்கன்னுதானே. கேலி பண்ணுங்க, பரவாயில்ல. புதினா, கொத்தமல்லி, பாலக் கீரை வைங்க. ஒரு நாள் விட்டா துவண்டுடும், தண்ணி காட்டுனா சாயங்காலத்துக்குள்ள நிமிந்துடும். செஞ்ச வேலை கண்ணுக்குத் தெரியும். வெண்டை வைங்க, ரெண்டு நாள் பறிக்காம விட்டா முத்திப் போயிடும். அப்புறம் பூசணி. அதுதான் முக்கியம். இந்த மாடிக்குத் தேனீ வர்றதில்ல. காலையில ஆம்பளப் பூவப் பறிச்சுப் பொம்பளப் பூவுல நாமதான் தடவிவிடணும். எட்டு மணி தாண்டினா பூ சுருங்கிடும். அந்தப் பூ எங்க இருக்குன்னு இலையத் தூக்கித் தூக்கிப் பாக்கணும். பாக்கட்டும். ஒவ்வொரு பையிலயும் பேரு, எப்பத் தண்ணி, எப்ப உரம்னு அட்டையில பெருசா எழுதி மாட்டிடுங்க. அவருக்குக் கண்ணாடி எங்க வச்சோம்னு தெரியாது.

குரங்கா? இந்தச் சைனிக்புரி ஏரியாவுல குரங்கு வராம இருக்குமா. வலை போட்டுடுங்க. ஒரு தடவ பூராவும் பிச்சுப் போட்டுச்சுன்னா, சரி விடுன்னு இறங்கிடுவார்.

பாத்து, அங்க வழுக்கும். டேங்கு நிறைஞ்சு வழிஞ்சு பாசி பிடிச்சிருக்கு. மொதல்ல அத சரி பண்ணுங்க. நான் விழுந்தது அந்த இடத்துலதான். போன பிப்ரவரியில. துணி காயப் போட வந்தேன், கால் பிசகிடுச்சு, எலும்பு விரிசல் விட்டுருச்சு. ஃபோன் கீழ சார்ஜ்ல இருந்தது. மணி பத்து இருக்கும். ரெண்டு தடவ கூப்பிட்டேன். கீழ மேட்ச் சத்தம். அப்புறம் கூப்பிடல. ஏன்னு கேட்டா எனக்கே சொல்லத் தெரியல. சரி, வர்றாரான்னு பாப்போம்னு உக்காந்துட்டேன்.

ஒன்னே முக்கால் வரைக்கும் உக்காந்திருந்தேன். பக்கத்து வீட்டு ரஷ்மிதான் அவங்க மாடியில இருந்து பாத்துட்டு ஓடி வந்தா. அதுக்குள்ள இவர் குக்கரத் திறந்து, தயிர் ஊத்திச் சாப்பிட்டு, தட்டையும் கழுவிக் கவுத்து வச்சிருந்தார்.

திட்டாதீங்க. நல்ல மனுஷன். முப்பத்தி மூணு வருஷத்துல சத்தம் போட்டுப் பேசினதில்ல. அன்னிக்குப் பதறிப் போயிட்டார், ரஷ்மிய விடாம அவரே தோள் குடுத்து இறக்கினார். கட்டுப் போட்டு ஆறு வாரம் பாத்ரூம் வரைக்கும் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனார். காட்டினா எல்லாம் செய்வார் தம்பி. ஏங்க, நாலு மணி நேரமா என்னக் காணோமேன்னு தோணலயான்னு ஒரு நாள் கேட்டேன். நீ மேலதானே இருக்கேன்னு நினைச்சேன்னார். அதுவும் நிஜம்தான். மேலதான் இருந்தேன்.

அதுக்கப்புறம் கோவம் வரும்னு பாத்தேன். வரல. அழுகையும் வரல. ஸ்கூல் லீவு விட்ட மத்தியானத்துல கிளாஸ் ரூமுக்குள்ள தனியா நிப்போம் பாருங்க, அந்த மாதிரி இருந்தது. நான் கணக்கு டீச்சர், இருபத்தாறு வருஷம். சமைக்கிறேன், துணி மடிக்கிறேன், அவர் கூட உக்காந்து டிவி பாக்குறேன். ஒன்னும் தோணல. செடி துவண்டு தலையத் தொங்கப் போட்டா அவருக்குத் தெரியும். எனக்கு அப்படித் தொங்கப் போட வரல, அவ்வளவுதான்.

உடம்புக்கா? எனக்கு ஒன்னும் இல்ல தம்பி. நீங்க அப்ப இருந்து ஒரு மாதிரியா பாக்குறீங்க, எனக்குப் புரியுது. இந்தம்மாவுக்கு ஏதோ பெரிய வியாதி, போறதுக்கு முன்னாடி புருஷனுக்கு வழி பண்ணிட்டுப் போகுதுன்னு நினைச்சிட்டீங்க. சுகர் கூட இல்ல. நான் சாகல. நான் பதினெட்டாம் தேதி இந்த வீட்ட விட்டுப் போறேன்.

ஹவ், ஒரேடியாத்தான். தார்நாகாவுல ஆக்னஸ் டீச்சர்னு என் கூட வேலை பாத்தவங்க, அவங்க வீட்டு மாடியில ஒரு ரூம். அரை மணி நேரம்தான் இங்க இருந்து. அவருக்கு இன்னும் தெரியாது. பையன் பிரசன்னா கனடாவுல இருக்கான், அவனுக்கும் தெரியாது. உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன். செடி எப்படி வேணும்னு சொல்லப் போயி இதையும் சொல்ல வேண்டியதாப் போச்சு. சமையலுக்கு நாகம்மாவ ஏற்பாடு பண்ணிட்டேன், சோறு கிடைச்சிடும். காலையில எதுக்கு எந்திரிக்கிறதுங்கிறதுக்குத்தான் எனக்கு வழி தெரியல. அதனாலதான் இது.

சொல்லாமப் போக மாட்டேன், அது தப்பு. போறேன்னு சொல்லிட்டுத்தான் போவேன். சரின்னுவார். எங்கன்னு நானா சொல்லப் போறதில்ல.

மாசம் ரெண்டு தடவ வந்து பாப்போம்னு சொன்னீங்களே, ஒரு வருஷத்துக்குப் போட்டுக்கோங்க. வேற ஆள அனுப்பாதீங்க, நீங்களே வாங்க. இந்தாங்க, ஆக்னஸ் வீட்டு அட்ரஸ், பர்ஸ்ல வச்சுக்கோங்க. ஃபோன் போட்டு என்கிட்டக் கேக்க மாட்டார், எனக்குத் தெரியும். எதிர்ல ஒரு ஆள் நின்னா, தண்ணி ஊத்திக்கிட்டே கேட்டாலும் கேப்பார். அவரா, அவ எங்க இருக்கான்னு கேட்டாருன்னா குடுங்க. நீங்களா பேச்செடுக்காதீங்க. கேக்கலேன்னா, செடிய மட்டும் பாத்துட்டு வந்துடுங்க.