பத்தொன்பதுக்கு அப்புறம்

பெரில்: ...பாத்து வா டெஸ்மண்ட், படியெல்லாம் பாசி. விழுந்தேன்னா இங்கயே விட்டுட்டுப் போயிடுவேன்.

டெஸ்மண்ட்: ஹைகேட் கல்லறையில இடம் கிடைக்க நான் என்ன பிரபுவா? இன்னும் எவ்வளவு தூரம்?

பெரில்: மூக்கு உடைஞ்ச தேவதை சிலைக்கு இடப்பக்கம்.

டெஸ்மண்ட்: இங்க எந்தத் தேவதைக்கு மூக்கு இருக்கு?

பெரில்: சனிக்கிழமை கல்யாணம். புதன்கிழமை உன்னைக் கல்லறைக்கு இழுத்துட்டு வந்திருக்கேன். ஏன்னு கேக்க மாட்டியா?

டெஸ்மண்ட்: எழுபத்தெட்டு வயசுல மாப்பிள்ளையாகறவன் கேள்வி கேக்கக் கூடாது.

பெரில்: இதான்... அந்தக் கொடியை ஒதுக்கு.

டெஸ்மண்ட்: வணக்கம் வில்ஃப். நான்தான் டெஸ்மண்ட். உன் பொண்டாட்டியை...

பெரில்: விளையாடாதே. கடைசி வரியைப் படி.

டெஸ்மண்ட்: இரு, கண்ணாடியைப் போட்டுக்கறேன்... 'வில்ஃப்ரெட் ஹார்ன்பி, 1983'. அதுக்குக் கீழ... 'அவர் மனைவி பெரில், 1938 - 19'... என்னது, பாதியில நிறுத்திட்டான்?

பெரில்: வில்ஃப் போனப்பவே என் பேரையும் வெட்டச் சொல்லிட்டேன். மிச்ச ரெண்டு எண்ணை நான் போனதும் வெட்டிக்கலாம்னான் கல்தச்சன்.

டெஸ்மண்ட்: அடிப்பாவி! அந்த நூற்றாண்டே போய்ச் சேர்ந்துடுச்சு, நீ குத்துக்கல்லாட்டம் நிக்கறே!

பெரில்: சிரிக்காதே... விக்டோரியா ராணி காலத்துல வில்ஃபோட கொள்ளுத் தாத்தா வாங்கின குழி இது. எட்டுப் பேருக்கு. ஏழு பேர் ஆச்சு.

டெஸ்மண்ட்: ம்...

பெரில்: எட்டாவது நான். வில்ஃப் கையைப் பிடிச்சு வாக்குக் கொடுத்திருக்கேன்.

டெஸ்மண்ட்: பெரில்...

பெரில்: முழுசா சொல்லிடறேன், இரு. உன்கூட வாழணும்னு எனக்குக் கொள்ளை ஆசை. ஆனா கடைசியில உன் பக்கத்துல படுக்க முடியாது. மூணு மாசமா சொல்ல வந்து வந்து... வாய் வரலை. உனக்கு ஒத்துவராதுன்னா இப்பவே சொல்லு. கேக் வேண்டாம்னு சொல்லிடறேன்.

டெஸ்மண்ட்: அப்போ இந்தப் பேரை...

பெரில்: அழிக்க மாட்டேன். அதை மட்டும் கேக்காதே.

டெஸ்மண்ட்: அப்பாடா!

பெரில்: அப்பாடாவா? நான் இங்க அழுதுட்டு நிக்கறேன்... என்ன மனுஷன்யா நீ!

டெஸ்மண்ட்: இப்பத்தான் மூச்சே வருது. உக்காரு... நானும் ஒண்ணு சொல்லணும்.

பெரில்: என்ன? டாக்டர் ஏதாவது சொன்னாரா?

டெஸ்மண்ட்: சே, சே, அதெல்லாம் இல்லை. ஆத்துக்கு அந்தப் பக்கம், நன்ஹெட் கல்லறையில, செத்துப்போன என் பொண்டாட்டி நோராவோட கல்லுல... என் பேரும் இருக்கு. எனக்கும் பத்தொன்பதோட நிக்குது. பாத்தா அழிச்சிட்டு வான்னு சொல்லிடுவியோன்னு பயம். அதான் அந்த வழி பஸ்ஸே ஓடலைன்னு பொய் சொல்லி, மூணு மாசமா உன்னைச் சுத்தி நடக்க வெச்சுட்டிருக்கேன்.