இரண்டு எஸ்போசிட்டோக்களுக்கு வாசித்த ஓலை

துறைமுகத்துக் கிரேனின் உச்சியில் அமர்ந்து ஊருக்கெல்லாம் சரக்கை இறக்கி, ஓய்வுக்குப் பின் ராயபுரத்துக்கு இந்த வாசகர் வட்டத்தை ஏற்றிவைத்த தலைவர் லியாகத் அலி ஐயா அவர்களே! காசிமேட்டு ஏலத்தில் தன் குரல் ஒன்றாலேயே கூட்டத்தைக் கட்டிப்போடும் அக்கா சொக்கம்மாள் அவர்களே! கூடையை இறக்கிவைத்துவிட்டு முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! மணலியில் டேங்கர் லாரியை நிறுத்திவிட்டு, மூக்கில் அந்த எண்ணெய் நாற்றத்தோடே வந்து நிற்கும் தோழர்களே! டீக்கடை ஓரமாக நின்று, கேட்காதது போலக் கேட்டுக்கொண்டிருக்கும் பெரியவர்களே! உங்கள் அனைவருக்கும் ஆன்றோ எஸ்போசிட்டோவின் வணக்கம்.

சிரியுங்கள். என் பெயரைச் சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள். அதோ பின்னாலிருந்து ஒரு தம்பி கத்துகிறார்: "இத்தாலி மாமு, கையில பாஸ்தா கீதா?"

இல்லை மாமு. எலுமிச்சை சோறு இருக்கிறது. திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் ஒப்பந்தக் கூலி நான். டப்பாவைத் திறந்தால் சோற்றின் மேல் நிலக்கரித் தூசி இறங்குகிறது. இத்தாலிக்காரனுக்கு இந்தப் பாடா?

உங்கள் தலைவர் எனக்குத் தந்த தலைப்பு, 'என் பெயரின் வேர்'. வேர் உள்ளவனிடம் கேட்க வேண்டிய கேள்வியை என்னிடம் கேட்டுவிட்டார். ஆனாலும் சொல்கிறேன்.

இத்தாலியில் நாப்போலி என்று ஒரு நகரம். அதுவும் நம்மைப் போலத் துறைமுகம். அங்கும் மீன், அங்கும் கூச்சல், அங்கும் வறுமை. அந்த ஊரில் ஒரு மாதா கோயிலின் சுவரில் ஒரு பொந்து இருந்தது. பொந்துக்குள் சுழலும் மரப்பெட்டி. வளர்க்க முடியாத தாய் வெளியே நின்று பிள்ளையை அதில் வைத்துத் தள்ளுவாள். பெட்டி சுழலும், பிள்ளை உள்ளே போகும், தாய் தெருவில் நிற்பாள். உள்ளே எடுத்தவர்கள் அந்தப் பிள்ளைக்கு வைத்த குடும்பப் பெயர் எஸ்போசிட்டோ. வெளியே விடப்பட்டவன் என்று பொருள். பிற்காலத்தில் சட்டம் போட்டு அப்படிப் பெயர் வைப்பதை நிறுத்தினார்கள். அதற்குள் அந்தப் பெயர் பெருகிவிட்டது.

இப்போது யோசியுங்கள். மற்ற குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தால் ஒரு பாட்டன் வருவான், ஒரு பூட்டன் வருவான். எஸ்போசிட்டோவைப் பிடித்துக்கொண்டு நடந்தால் யார் வருவார்? ஒரு சுவர் வரும்! அதற்கப்பால் மாலுமி இருக்கலாம், மந்திரி இருக்கலாம், மாவு அரைப்பவன் இருக்கலாம். பெயர் ஒன்று, ரத்தமோ ஆளுக்கொன்று. ஒரே பெயருள்ள ஆயிரம் பேரை வரிசையில் நிறுத்தி மரபணுவைச் சோதித்தாலும் ஒரே தகப்பன் கிடைக்க மாட்டான்.

அப்படி ஒரு வம்சத்தில் பிறந்து, இத்தாலியிலிருந்து இங்கே பாதிரியாராக வந்தவர்தான் எங்கள் ஃபாதர் லூய்ஜி எஸ்போசிட்டோ. ராயபுரத்தில் கடலைப் பார்த்தபடி ஆண் பிள்ளைகளுக்கு ஓர் இல்லம், திருவொற்றியூரில் பெண் பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் நடத்தினார். பள்ளியில் சேர்க்கும்போது தகப்பன் பெயர் கேட்பார்கள் அல்லவா? அவர் தன் பெயரையே சொல்லிவிடுவார். திருவொற்றியூர் பஸ் ஸ்டாண்டில் கிடந்த நான் எஸ்போசிட்டோ. மணலியில் லாரிகள் நிற்கும் இடத்தில் கிடந்த ஷைனியும் எஸ்போசிட்டோ. ஃபாதர் இறந்தார். இல்லம் இன்று யாருடைய கோடவுனோ ஆகிவிட்டது. பெயர் மட்டும் எங்கள் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஷைனி யாரென்று கேட்கிறீர்களா? வண்ணாரப்பேட்டையில் துணிக்கடையில் நிற்பவள். ஒரு காய்ச்சல் காலத்தில் தர்ம ஆஸ்பத்திரியில் நர்ஸ் "எஸ்போசிட்டோ!" என்று கூப்பிட்டார். நான் எழுந்தேன். எதிர் பெஞ்சில் அவளும் எழுந்தாள்.

"இன்னாபா, நீயும் அந்த வூட்டுப் புள்ளையா?" என்றாள்.

"ஆமா."

"அப்ப குந்து. எனக்குதான் ஜுரம் ஜாஸ்தி, நான் மொதல்ல போறேன்."

அன்றுவரை என்னை யாரும் ஒரு வீட்டுப் பிள்ளை என்று சொன்னதில்லை, தாய்மார்களே. அதற்காகவே அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று.

கல்யாணம் பேசினோம். யார் பேசினார்? நானும் அவளும்தான் பேசினோம். எங்களுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. மற்ற மதத்துத் தோழர்களுக்காகச் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, பூசையில் மணமக்களின் பெயரையும் பெற்றோர் பெயரையும் எல்லாருக்கும் கேட்க வாசிப்பார்கள். ஓலை வாசிப்பது என்போம். இதற்குத் தடை அறிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்பார்கள். முதல் ஓலையை வாசித்தார் எங்கள் கோயிலின் பாதிரியார், பங்குச் சாமியார். மணமகன் ஆன்றோ, தந்தை பெயர் எஸ்போசிட்டோ. மணமகள் ஷைனி, தந்தை பெயர் எஸ்போசிட்டோ.

கோயிலில் சலசலப்பு. பூசை முடிந்ததும் சாமியாரை மறித்துக்கொண்டு நின்றார் ஜோபின் அண்ணாச்சி. தெற்கேயிருந்து வந்து மளிகை மொத்த வியாபாரம் செய்பவர். கோயில் காரியங்களைப் பார்க்கும் பங்குப் பேரவையில் பெரிய ஆள். ஏழு தலைமுறையை மூச்சு விடாமல் ஒப்பிப்பவர்.

"சாமி, ரெண்டு பேருக்கும் ஒரே தகப்பன் பேரு. அண்ணன் தங்கச்சிக்கு ஓலை வாசிச்சா நாளைக்கு யாரு பதில் சொல்லுவா?"

"அது வளர்த்தவர் பேரு, அண்ணாச்சி," என்றார் சாமியார்.

"வளத்தவரா, பெத்தவரான்னு யாருக்குத் தெரியும்? இந்தப் பயலுக்க வெளுத்த நிறத்தப் பாத்தீயளா?"

கேட்டீர்களா? ஊர் தூக்கிப்போட்ட பிள்ளைகளை எல்லாம் பொறுக்கியெடுத்த மனிதர் மேல், செத்த பின்பு விழுந்த சேற்றைப் பார்த்தீர்களா? கோயில் வாசலில் நின்ற ஒருவராவது ஏன் என்று கேட்டாரா? ஓலை நின்றது. "ஆதாரம் கொண்டாங்க," என்றார் சாமியார், தரையைப் பார்த்துக்கொண்டு.

ஆதாரத்துக்கு எங்கே போவோம்? எச்சிலைத்தான் துப்பினோம். ஆம் ஐயா! ஒரு குழாயில் எச்சிலைத் துப்பி அனுப்பினால் மரபணுவைப் பார்த்து, உன் ரத்தம் எந்தத் திசை, உனக்குச் சொந்தம் யார் என்று சொல்கிறார்கள். அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். அந்த நாட்களில் ஷைனி என்னைப் பார்க்க வரவே இல்லை. ஒருவேளை அண்ணனாக இருந்துவிட்டால் எந்த முகத்தோடு பார்ப்பது? யார்டில் வேலை செய்துகொண்டே ஃபோனைப் பார்ப்பேன். அழைக்க அவளைத் தவிர ஆளில்லாதவனுக்கு ஃபோன் எவ்வளவு அமைதியாக இருக்கும் தெரியுமா?

முடிவு வந்தது. காசிமேட்டில் கடலுக்குள் நீளும் கல்சுவரில் உட்கார்ந்து, வெயிலுக்கு முந்தானையால் திரையை மறைத்துக்கொண்டு இருவரும் பார்த்தோம். இத்தாலி? சுத்தமாக இல்லை. என் ரத்தமும் அவள் ரத்தமும் இந்தத் தென்னிந்திய மண்ணோடு போகின்றன. ஃபாதருக்கும் எங்களுக்கும் பிறப்பால் எந்தத் தொடர்பும் இல்லை. எனக்கும் அவளுக்கும் உறவில்லை. கல்யாணத்துக்குத் தடையில்லை!

துள்ளிக் குதித்தோம் என்று நினைக்கிறீர்களா?

அவள் திரையை இன்னும் கீழே தள்ளிக்கொண்டிருந்தாள். சொந்தக்காரர் என்ற இடத்தில் அவளுக்கும் யாரும் இல்லை, எனக்கும் யாரும் இல்லை. ஒரு சித்தப்பன் மகன் இல்லை. தூரத்து அத்தை இல்லை. திரையைத் தள்ளிக்கொண்டே சொன்னாள்:

"நீ எனக்கு அண்ணன்னு வந்திருந்தாகூட நல்லாத்தான் இருந்திருக்கும்டா. கல்யாணம் பூட்டா பூட்டுது. பொறந்ததுல இருந்து ஒரு ஆளாவது இருந்தான்னு ஆயிருக்கும்."

நானும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். விரும்பிய பெண்ணை இழந்தாவது ஒரு தங்கையைப் பெற்றுக்கொள்ள மாட்டோமா என்று ஒருவன் நினைக்கிறான் என்றால், அவன் எவ்வளவு தனியாக இருந்திருக்க வேண்டும்! ஏழு தலைமுறை ஒப்பிப்பவர்களே, உங்களுக்கு அது விளங்குமா?

விளங்கவில்லை. முடிவைக் கொண்டுபோய்க் காட்டினோம். பங்குச் சாமியார் படித்துவிட்டு, "அடுத்த ஞாயிறு ஓலை தொடரும்," என்றார். நன்றி. ஆனால் ஜோபின் அண்ணாச்சி என் ஃபோனை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, விரலால் தேய்த்துத் தேய்த்துத் தேடினார்.

"எல்லாம் சரிடே. ஜாதி எந்தப் பக்கத்துல போட்டிருக்கான்?"

சிரிக்காதீர்கள்! உலகத்து விஞ்ஞானம் எல்லாம் கூடி மனிதனின் அணுவைத் திறந்து கையில் கொடுத்தால், நம் ஆள் அதற்குள் விரலை விட்டு ஜாதியைத் துழாவுகிறார். அண்ணாச்சி ஒருவர்தானா? உங்கள் தெருவில் வாடகைக்கு வீடு கேட்டு வந்தபோது, "எந்த ஊரு, எந்த ஆளுங்க?" என்று என்னைக் கேட்டவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். முகம் தெரிகிறது. பெயர் சொல்ல மாட்டேன்.

இந்த நகரம் தனக்கு வேண்டாததை எல்லாம் வடக்கே தள்ளும். சாம்பலை எண்ணூருக்குத் தள்ளும். புகையை மணலிக்குத் தள்ளும். எண்ணெயைக் கழிமுகத்தில் தள்ளும். எங்களையும் தள்ளியது. வெளியே விடப்பட்டவன் என்றால் நான் மட்டுமா? மூச்சுத் திணறும் தாய்மார்களே, வலையில் கரி ஏறிய தோழர்களே, எஸ்போசிட்டோ என்றால் நீங்கள் யார்? நாம் அத்தனை பேரும் யார்? தள்ளப்பட்டவர்கள் தமக்குள்ளே ரத்தம் பார்த்தால், தள்ளியவனுக்கு அல்லவா கொண்டாட்டம்!

மூன்று ஓலையும் வாசித்தாகிவிட்டது. வரும் சனிக்கிழமை காலை கல்யாணம். பெண்ணைக் கோயில் வாசலிலிருந்து பீடம்வரை கைபிடித்து அழைத்துவர ஒரு தகப்பனோ தாய்மாமனோ வேண்டும் என்றார்கள். ஷைனியிடம் கேட்டேன்.

"காசு குடுத்து மாமன இட்டாரப் போறியா? எனக்குக் கால் கீது. நானே நடந்து வரேன், போ."

அழைத்துவர நாங்கள் இருக்கிறோம் என்று கைதூக்குகிறீர்கள். சொக்கம்மாள் அக்காவும் தூக்குகிறார். நெஞ்சு நிறைகிறது. ஆனால் கையை இறக்குங்கள், அக்கா. மைக் முன்னால் கைதூக்குவது எளிது; சனிக்கிழமை காலை ஏலத்தை விட்டு வருவது கடினம். கடினமானதைச் செய்ய வருபவர்கள் வாருங்கள். கோயிலில் வலப்பக்கம் மாப்பிள்ளை வீட்டார் பெஞ்சு, இடப்பக்கம் பெண் வீட்டார் பெஞ்சு. இரண்டும் காலியாக இருக்கின்றன. எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் எந்த ஆளுங்க என்று கேட்க மாட்டோம். யாரும் வராவிட்டாலும் அவள் நடந்து வருவாள், நான் நின்றுகொண்டிருப்பேன், தாலி ஏறும்.

பேச அழைத்த தலைவருக்கும், சிரித்தவர்களுக்கும், பாதியில் சிரிப்பை நிறுத்தியவர்களுக்கும் என் நன்றி. வணக்கம்.