ஒரே சிப்பில் கண்ணுக்கும் கணக்குக்கும் இடம் கேட்டவர்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் நிறுவனத்தின் தலைவர் வெள்ளைத்துரை அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆன்மேரி அவர்களின் கணவர் ஸ்டீவ் அவர்களே, அவர்தம் குடும்பத்தாரே, பங்குத் தந்தை அவர்களே, தூறலையும் பொருட்படுத்தாமல் இந்தத் திருநகர் மண்டபத்தை நிறைத்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, என் ஆபீஸ் தோழர்களே! கனத்த நெஞ்சோடு உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

என் பெயர் ஜெயபாண்டி. ஊர் செக்கானூரணிப் பக்கம். வாசலில் கட்டியிருக்கும் பேனரில் என் பெயருக்குக் கீழே 'உடன் பணியாற்றியவர்' என்று போட்டிருக்கிறார்கள். நாகரிகம் கருதி அப்படிப் போட்டிருப்பார்கள். உண்மை என்ன? முனைவர் ஆன்மேரி அவர்களோடு பத்துப் பதினோரு ஆண்டுகள் ஓயாமல் சண்டை போட்டவன் நான். அந்தத் தகுதியில்தான் இந்த மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

அடக்கத்தன்று ஒரு பெரியம்மா என்னிடம் கேட்டார்: "தம்பி, அந்தப் பொண்ணு என்ன வேலை பாத்துச்சு? சிப்பு சிப்புன்னு சொல்றாங்க, ஒண்ணும் வெளங்கலையே." நியாயமான கேள்வி! பூசையில் அவரைப் பார்த்திருக்கிறீர்கள். மறைக்கல்வி வகுப்பில் அவரிடம் உங்கள் பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். ஆனால் அவர் தன் வாழ்நாளை எதற்குக் கொடுத்தார் என்று இந்த மண்டபத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. அதைச் சொல்லாமல் நான் எப்படி அவரைப் பாராட்டுவது?

ஆன்மேரி அவர்களைச் சந்தித்த எவரும் ஒரு கேள்வியிலிருந்து தப்பியதே இல்லை. எதைப் பார்த்தாலும் கேட்பார்: "இது நல்லாத்தான் இருக்கு. இதுக்காக எதை விட்டுக்குடுத்தாங்க?" நான் புது வண்டி வாங்கி வந்தேன். மைலேஜ் பிரமாதம் என்று பெருமையடித்தேன். "சரிண்ணே, எதை விட்டுக்குடுத்து அம்புட்டு மைலேஜ் வருது?" என்றார். கல்யாண வீட்டில் பந்தி சீக்கிரம் முடிந்தால் சமையல்காரரைத் தேடிப் போவார். நம் பங்குத் தந்தையும் தப்பவில்லை. "இன்னைக்குப் பிரசங்கம் சுருக்கா முடிஞ்சிருச்சே ஃபாதர், எதை விட்டீங்க?" சிரிக்கிறீர்கள் ஃபாதர்! அன்று என்ன பதில் சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்.

சிப் வடிவமைப்பு என்பதே இந்தக் கேள்விதான், பெரியோர்களே. சிப் என்பது நகத்தளவு இடம். அதைப் பெரிதாக்கினால் விலை எகிறும், சூடு எகிறும், பாட்டரி படுத்துவிடும். ஆகவே அந்த நகத்தளவுக்குள் எதற்கு இடம் கொடுப்பது, எதற்கு இல்லை என்று சொல்வது? படம் வரைவதற்கென்றே பிறந்த சிப்புகள் உண்டு. உங்கள் பேரப்பிள்ளைகள் விளையாடும் கேம் எல்லாம் அதில்தான் ஓடுகிறது. படத்தின் புள்ளிகளை நொடியில் கலந்து திரையில் கொட்டும். அதற்குக் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தால் போதும், கடைசிக் காசு வரை கணக்கு சரியாக இருக்க வேண்டியதில்லை. இன்னொரு வகை, கணக்குப் போடவே பிறந்தது. மழை எங்கே பெய்யும், இரும்பு எங்கே முறியும் என்று துல்லியமாகப் போடும். அதற்குத் திரையே வேண்டாம். இரண்டும் ஒரே வம்சம்தான். ஒன்று கண்ணுக்கு வாக்கப்பட்டது, மற்றது கணக்குக்கு வாக்கப்பட்டது.

இது புரியாமல் மாட்டிக்கொண்டவர் ஒருவர் இதோ நாலாவது வரிசையில் இருக்கிறார். கோரிப்பாளையத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் சிக்கந்தர் பாய்! எங்கேயோ சர்வரில் ஓடிய, கணக்குச் சிப் பொருத்திய பழைய கார்டு ஒன்றை, யானை பலம் என்று எவனோ சொன்னதைக் கேட்டு வாங்கிவிட்டார். துண்டில் சுற்றிக் குழந்தையைத் தூக்கி வருவது போலத் தூக்கி வந்தார்.

"டாக்டரம்மா, மானிட்டர் ஒயரை எங்க சொருகுறதுன்னே தெரியல. சுத்திச் சுத்திப் பாத்துட்டேன், ஓட்டையே இல்ல."

"பாய், இதுக்குக் கண்ணு கெடையாது. கணக்கு மட்டுந்தேன் போடும்."

"ஃபேனும் காணோமே?"

"அது ஏசி ரூம்ல, சர்வர் காத்துல வளந்தது. உங்க கடையில அதுக்கு மூச்சு முட்டிப்போகும்."

"யா அல்லா! கண்ணும் இல்ல, மூச்சும் இல்ல, இத வச்சு நான் எப்படிம்மா கல்யாணப் படம் ஓட்ட?"

நாங்களெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தோம். ஆன்மேரி அவர்கள் சிரிக்கவில்லை! "ஓடுமா ஓடாதான்னு எனக்கும் தெரியலையே பாய், பாத்துருவமா?" என்று அன்று மதியமே கோரிப்பாளையம் போய்விட்டார். சிக்னலில் முக்கால் மணி நேரம் நின்று போனார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடையில் கிடந்த ஒரு நோஞ்சான் கார்டைத் திரைக்கு வைத்தார். இந்த யானையைக் கணக்குக்கு வைத்தார். அட்டைப்பெட்டியை வெட்டிக் காற்று போக வழி செய்து, மேசை ஃபேனைத் திருப்பி வைத்தார். ஓடியது! இன்றும் ஓடுகிறது, இல்லையா பாய்? பத்துப் பேர் வேலை பார்க்கும் நிறுவனத்தின் முதன்மை வடிவமைப்பாளர் ஒரு வீடியோக் கடையில் அட்டைப்பெட்டி வெட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு வேலை என்றால் அதுதான் வேலை.

இப்போது எங்கள் சிப்புக்கு வருகிறேன். தாலுகா ஊர்களில் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரிகளுக்காக, கையில் தூக்கிப் போகக்கூடிய ஒரு ஸ்கேன் பெட்டி செய்கிறோம். பாட்டரியில் ஓட வேண்டும். வயிற்றின் மேல் வைக்கும் கருவி ஒலியை உள்ளே அனுப்பும். எதிரொலி திரும்பி வரும். அதைக் கேட்க அந்தக் கருவியில் வரிசையாகச் சின்னச் சின்னக் காதுகள் இருக்கின்றன. ஒவ்வொரு காதுக்கும் எதிரொலி கொஞ்சம் முன்பின்னாக வந்து சேரும். அதையெல்லாம் நேர்ப்படுத்திக் கூட்ட வேண்டும். இது கணக்கு. கூட்டியதை விசிறி போல விரித்துத் திரையில் வரைய வேண்டும். இது படம். ஒரே சிப், இரண்டு வேலை! அங்கேதான் எங்கள் சண்டை தொடங்கியது.

நான் படக் கட்சி. புள்ளிகளைக் கலந்து கொடுக்கும் பகுதி ஒன்று உண்டு, கேம் சிப்புகளில் இருப்பது. அதை நம் சிப்பில் வைத்தே தீர வேண்டும் என்றேன். வேகமானது, கரண்டும் குறைவு. ஆன்மேரி அவர்கள் கணக்குக் கட்சி. "அது கண்ணை ஏமாத்துற சாமான்ணே. ரெண்டு புள்ளிக்கு நடுவுல இருநூத்திச் சொச்சம் படிதான் அதுக்குத் தெரியும். எதிரொலியோட நுணுக்கத்தை அது முழுங்கிரும். தூக்கிப் போட்டுட்டு அந்த இடத்துல கணக்குப் போடுற ஆளை உக்கார வையுங்க" என்றார். ஆள் என்று அவர் சொன்னது சிப்பில் கணக்குப் போடும் பகுதிகளை.

எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. ஏற்படுத்தியவரும் அவர்தான். பெரிய முடிவு என்றால் சனிக்கிழமை பட்டிமன்றம். வெள்ளைத்துரை அண்ணன் நடுவர். ஒரே ஒரு விதி: எவருக்கு எந்தக் கட்சி பிடிக்குமோ, அவர் அதை எதிர்த்துத்தான் பேச வேண்டும்! அப்போதுதான் எதிராளியின் தலைக்குள் போய்ப் பார்ப்போமாம். அன்று நான் எழுந்து, நான் கும்பிடும் சாமானை நானே கிழி கிழியென்று கிழித்தேன். அவரோ தனக்குப் பிடிக்காத சாமானுக்காக உருகிப் பேசினார். நடுவர் தீர்ப்புச் சொன்னார்: ஜெயபாண்டி பேசியதே சிறந்தது, அந்தப் பகுதியைத் தூக்குகிறோம்! என் வாயாலேயே என் கட்சி செத்தது. உலகத்தில் எந்த ஆபீஸிலாவது இந்தக் கூத்து நடக்குமா?

சரி, ஜெயித்தவராவது சந்தோஷப்பட்டாரா? அதுதான் இல்லை! திங்கட்கிழமை வந்து என் மேசை முன்னால் நின்றார். "அண்ணே, நான் கேட்டது கெடைச்சிருச்சு. ஆனா சனிக்கிழமை நான் பேசுனது எனக்கே உறுத்துது. ஒருவேளை நான் பேசுனதுதான் சரியோ?" எனக்குக் கோபம் வந்தது. "ஏன் டாக்டரே, நானே தோத்துட்டு ஒப்பாரி வைக்காம இருக்கேன், ஜெயிச்ச உங்களுக்கு என்ன?" என்றேன். "எது சரின்னு தெரியலைண்ணே. தெரியாம எப்படி அனுப்புறது?" என்றார். அவ்வளவுதான். இரண்டு வடிவங்களையும் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கும் சோதனையைத் தொடங்கிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் அவருக்கு உடம்பு முடியாமல் போனது. ஈரலில் கட்டி. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கும்போது ஸ்டீவ் வெளியே நின்று அழுதுகொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்றேன். வெளியே வந்த ஆன்மேரி என்ன சொன்னார் தெரியுமா? "அண்ணே, ஆழத்துல ஒரு எடத்துல கரை பிசிறடிச்சுச்சு. கட்டி எங்க முடியுதுன்னே தெரியல. நம்ம பெட்டியில அந்தக் கரை தெரியுமா?" ஐயோ, அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா அது! ஸ்டீவ் கத்தியே விட்டார்: "உனக்கு வந்திருக்கு மேரி, பெட்டிக்கு இல்ல!" அதற்கு அவர் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "தெரியும்ப்பா. எனக்கு இது தெரிஞ்சாகணும்" என்றார்.

பிறகு ஒரு நாள், மருத்துவரிடம் சொல்லிவிட்டு, ஆபீஸுக்கு வந்தார். சோதனைக்காக நாங்கள் வைத்திருந்த கருவியை எடுக்கச் சொன்னார். "எல்லாரும் வயித்துக்குப் பதிலா ரப்பர் பொம்மையையே ஓட்டிப் பாக்குறீங்க. என் ஈரலை ஓட்டிப் பாருங்க. இதுல ஒளிஞ்சிருக்கிற கரையைக் காட்டுற சிப்புதான் நல்ல சிப்பு." மீட்டிங் மேசையில் சால்வையை விரித்துப் படுத்தார். எங்கள் பொறியாளர் பவதாரிணி, அதோ கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறாரே அவர்தான், கருவியை மெல்ல வைத்தார். எதிரொலி அத்தனையும் பதிவாயிற்று. "ஏம்மா தயங்குற, எனக்கே கூச்சமாத்தான் இருக்கு" என்று கிண்டல் வேறு!

இதற்கிடையில் சிப் செய்து தரும் ஃபேக்டரிக்கு வடிவத்தை அனுப்ப வேண்டிய தேதி நெருங்கியது. இந்த மாதக் கடைசி. தவறினால் அடுத்த முறைக்கு அரை வருடம் காத்திருக்க வேண்டும். வெள்ளைத்துரை அண்ணன் மேல் குற்றமில்லை, பத்துக் குடும்பத்தின் பொறுப்பு அவருக்கு. "தீர்ப்பு சொன்னது சொன்னதுதான், இருக்கிறதை அனுப்புங்கப்பா" என்றார். ஆன்மேரி கெஞ்சினார்: "அண்ணே, சோதனை முடியட்டும். தெரிஞ்சுக்கிட்டு அனுப்புங்க." செவ்வாய்க்கிழமை விடியற்காலை அவர் இறைவனில் இளைப்பாறினார். சோதனை முடியவில்லை.

முடிந்தது வெள்ளிக்கிழமை, பெரியோர்களே! அடக்கம் முடிந்து மறுநாள்.

பவதாரிணி மூன்று படங்களைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். முதல் படம் என் கட்சி, எல்லா வேலையையும் கலந்து கொடுக்கும் பகுதியே பார்த்தது. ஆழத்தில் கரை மொழுக்கென்று கரைந்துபோயிருந்தது. அவர் சொன்னது போலவே நுணுக்கத்தை முழுங்கிவிட்டது. இரண்டாவது படம் அவருடைய கட்சி, நாங்கள் அனுப்பவிருந்தது. அதிலும் கரை இல்லை! ஏன்? படம் வரையும் வேலையும் கணக்குப் போடுகிறவர்கள் தலையிலேயே விழுந்ததால், நேரம் போதாமல், பாதிக் காதுகள் கேட்டதைக் கணக்கிலேயே சேர்க்காமல் விட்டிருந்தார்கள். மூன்றாவது, பவதாரிணி தானே செய்து பார்த்தது. எதிரொலியைக் கூட்டுவது முழுக்கக் கணக்குக்கு. விசிறியாக விரித்து வரைவது மட்டும் கலந்து கொடுக்கும் அந்தப் பகுதிக்கு. அதையும் சின்னதாக வைத்து, கணக்குப் போடுகிறவர்களில் கொஞ்சம் பேரைக் குறைத்து. படம் சற்று மெதுவாகத்தான் மாறுகிறது. அதுதான் விட்டுக்கொடுத்தது.

அந்த மூன்றாவது படத்தில் கரை தெரிந்தது. கட்டி எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, சுற்றிவரத் தெரிந்தது. யாருடைய ஈரல் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். எங்கள் மேரியைக் கொண்டுபோனதை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நின்றோம். பவதாரிணி, "சார், மேடம் கேட்டது வந்துருச்சு சார்" என்றார்.

நேற்று ஸ்டீவிடம் காட்டினேன். காட்டலாமா கூடாதா என்று தயங்கித்தான் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "எதுனால போனாள்னு அழுகலைண்ணே. இதைத் தெரிஞ்சுக்காமப் போயிட்டாளே" என்றார். தெரிந்துகொள்ள வேண்டும் என்று தன் உடம்பையே மேசையில் கிடத்திய ஒருத்திக்கு, விடை மூன்று நாள் பிந்தி வந்தது. இதைவிடக் கொடுமை உண்டா? ஆண்டவரிடம் நான் கேட்க நினைக்கும் ஒரே கேள்வி இதுதான்!

ஆகவே, தலைவர் அவர்களே, இரங்கல் கூட்டத்தில் கேட்கக் கூடாதுதான், ஆனாலும் கேட்கிறேன். இந்த மாதத் தேதி போகட்டும். அரை வருடம் காத்திருப்போம். இந்த மூன்றாவது வடிவம்தான் ஃபேக்டரிக்குப் போக வேண்டும். அந்த அரை வருடமும் கிடைப்பதைப் பகிர்ந்துகொண்டு வேலை பார்க்கிறோம் என்று இங்கே இருக்கும் ஆபீஸ் தோழர்கள் அத்தனை பேர் சார்பிலும் உறுதி சொல்கிறேன். சரிதானே தோழர்களே? கை தூக்குகிறார்கள், பாருங்கள்!

என்ன அண்ணே, தலையை மட்டும் ஆட்டுகிறீர்கள்? பின்வரிசைக்குத் தெரியாது. மைக்கைத் தருகிறேன், வாயைத் திறந்து சொல்லுங்கள்.

"அனுப்புவோம்ப்பா. மூணாவதையே அனுப்புவோம்."

கேட்டீர்களா எல்லோரும்? நன்றி அண்ணே. இனி உங்களிடம் பேச எனக்கு ஒன்றுமில்லை, பெரியோர்களே. அந்தப் படத்தில் மாலையோடு இருக்கிறவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

டாக்டரே, சோதனை முடிஞ்சிருச்சு. நம்ம ரெண்டு பேருமே தோத்துட்டோம்.